உயிரோடிருந்தவளுக்கு வந்த கும்பிடுகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கை பேனா பிடித்ததைவிடக் கொழுந்து பிடித்ததுதான் அதிகம். மறதியும் இருக்கிறது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று சில இடங்களில் குழம்பும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இதை எழுதச் சொன்னவள் எங்கள் பிள்ளைக்காம்பரா டீச்சர். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்போம். அவள்தான் எங்கள் வட்ஸ்அப் குரூப்பையும் பார்த்துக்கொள்கிறவள். அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள், வாசிகசாலைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறோம், பெயர் எதுவும் வேண்டாம் என்றாள். நான் பக்கத்துக் காம்பராக்காரியிடம் போய்க் கேட்டேன். அவளைப் பற்றித்தானே எழுத வேண்டும்.

"எழுதுங்க மதினி. ஆனா என்னைய மட்டும் எழுதிப்புட்டு நீங்க நல்லவங்களா நின்னுறாதீங்க. உங்க வயித்தெரிச்சலையும் சேத்து எழுதுங்க" என்றாள்.

அதனால் வயிற்றெரிச்சலிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலையகத்தில் வட்டவளைக்கு மேலே இருக்கிறது. வரிசையாக ஒட்டின வீடுகளைத்தான் லயம் என்போம்; அதில் அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருசம் தோட்ட வேலைக்குப் பெயர் பதிந்தவர்கள். நான் இரண்டு வயது மூத்தவள். நாற்பது வருசத்துக்கு மேல் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தோம். நான் கூடையை நிறைத்துக்கொண்டு பேசாமல் நிற்பேன். அவள் பாட்டுப் பாடிக்கொண்டு என்னைவிட இரண்டு கிலோ கூட நிறுப்பாள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அவளிடம் சிரித்துப் பேசுவார், என்னிடம் தலையை மட்டும் ஆட்டுவார். கோயில் திருவிழாவில் கும்மிக்கு அவள்தான் முன்னுக்கு நிற்பாள். நான் கடைசியில், யாராவது பார்த்தால் அடி தப்பிவிடும் என்று குனிந்துகொண்டே சுற்றி வருவேன். அவள் கெட்டவள் இல்லை. ஒரு நாள்கூட என்னை இளக்காரமாகப் பேசினதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்புறம் அந்த டேலியாப் பூ. அவள் இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்கு, முன்னால் இருக்கிற கையளவு மண்ணில் சிவப்பு டேலியா ஒன்று தாம்பாளம் மாதிரிப் பூக்கும். நானும் எத்தனையோ கிழங்கு வாங்கி வைத்துப் பார்த்தேன். எனக்குப் பூத்ததெல்லாம் பொத்தான் அளவுதான்.

வேலையிலிருந்து நின்ற பிறகு இதெல்லாம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். போன் வந்தது, முடியவில்லை.

எங்கள் குரூப் உண்மையில் சாவு வீட்டுக்கு உதவுகிற மரணக் கமிட்டிக்காக ஆரம்பித்தது. முன்பெல்லாம் லயத்தில் ஒரு சாவு என்றால் ஆள் போய்ச் சொல்லிவிட்டு வரும். இப்போது பாதிச் சனம் கொழும்பில், கொஞ்சம் வெளிநாட்டில், மிச்சம்தான் தோட்டத்தில். அதனால் யாராவது இறந்தால் அவருடைய போட்டோவையும், கீழே நாலு வரியில் அடக்கம் எப்போது என்பதையும் குரூப்பில் போடுவார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் கும்பிட்ட கை ஒன்றை அனுப்புவோம். என்னைப் போல எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களுக்கு அது பெரிய வசதி. போட்டோவைப் பார்த்தால் போதும், கையை அமுக்கினால் போதும். வாசிக்காவிட்டாலும் மரியாதை செய்தது போலாகிவிடும்.

பிறகு பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, பஸ் வராத செய்தி எல்லாம் அதிலேயே வர ஆரம்பித்தது. அதில்தான் அவளும் காலை வணக்கம் சொல்லத் தொடங்கினாள். எழுதுவதில்லை, குரலில் பேசுவாள். "நம்ம தோட்டத்துச் சொந்தங்க எல்லாருக்கும் காலை வணக்கமுங்க. இன்னிக்கு இங்கிட்டு ஒரே பனி, எதிர் மலை தெரியல. கொழும்புல வெயிலடிச்சா எங்களுக்கும் ஒரு சாக்கு அனுப்பி விடுங்க." இப்படி ஏதாவது. கொழும்பில் இருக்கிற பிள்ளைகள் அந்தக் குரலுக்கு உயிரை விட்டார்கள். "அத்தை, உங்க சத்தம் கேட்டாத்தான் எனக்கு வேலை ஓடுது" என்று ஒருத்தி. "சித்தி, இன்னிக்கு என்ன கறி?" என்று வெளிநாட்டிலிருந்து ஒருத்தன். இருதயம் இருதயமாக வந்து விழும்.

லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அதனால் அவள் பேசுவது எனக்கு முதலில் சுவருக்கு மேலால் கேட்கும், கொஞ்ச நேரத்தில் போனில் கேட்கும். ஒரே காலை வணக்கம் எனக்கு மட்டும் தினமும் இரண்டு தடவை.

ஒரு நாள் லயத்துப் பொதுப் பீலியில் தண்ணி பிடிக்கும்போது வாய் தவறி, இல்லை, தவறவில்லை, வேண்டுமென்றேதான் சொன்னேன். "இவ சத்தமே போன் பூரா நெறஞ்சு கெடக்கு. என் போன் ஓடவே மாட்டேங்குது" என்றேன். பக்கத்தில் நின்றவளின் மகள் அன்று பின்னேரமே குரூப்பில் எழுதிவிட்டாள். வொய்ஸ் போடுகிறவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் போன் நிறைகிறது என்று. அதற்குக் கீழே ஒருத்தன், "எங்க ரேடியோவுக்கு இன்னும் பெட்டரி முடியலையா?" என்று போட்டான். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. கட்டை விரல்களும் வந்தன. அதில் ஒரு கட்டை விரல் என்னுடையது. கும்பிட்ட கையைத் தவிர நான் அந்தக் குரூப்பில் போட்ட முதல் சாமான் அதுதான்.

அடுத்த நாள் காலையில் சுவருக்கு மேலால் ஒன்றும் கேட்கவில்லை. போனிலும் கேட்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். நான் சந்தோசப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பட்டேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பகல் சாப்பாட்டு நேரம். அவள் என் இஸ்தோப்புக்கு வந்தாள். கையில் ஈரச் சாக்கில் சுற்றின ஒரு பொட்டலம். அவிழ்த்துக் காட்டினாள். சிவப்பு டேலியாக் கிழங்கு, மண்ணோடு, முழுசாக.

"இந்தாங்க மதினி. நீங்களே வச்சிக்கங்க."

"எதுக்குடி? பூக்குற காலத்துல யாராவது கிளப்புவாங்களா?"

"எனக்கு எதுக்கு இனி. உங்களுக்குத்தான ஆசை."

வாங்கிக்கொண்டேன். பிளேன்டீ குடிக்கிறியா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை, கிழங்கைத்தான் பார்த்தேன். கடைசியில் தோற்றுப்போனாளா என்று மனசுக்குள் ஒரு இனிப்பு. பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒருத்தி வேரோடு கிளப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் அவளுக்கு என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. மண்ணை வெட்டிக் கிழங்கை நட்டேன்.

மறுநாள்தான் அந்த நாள். காலை பத்து மணி இருக்கும். தூறல். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்குப் போய்விட்டார்கள். லயத்தில் கிழடு கட்டைகள் மட்டும். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன் டிங் என்றது. பிறகு நிற்காமல் டிங் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் அவளுடைய போட்டோ. அவள் மகள் கலியாணத்துக்கு எடுத்த நீலச் சேலைப் போட்டோ. கீழே நீளமாக எழுத்து. அதற்குக் கீழே கும்பிட்ட கை, கும்பிட்ட கை, கும்பிட்ட கை, நடுவில் விளக்கு, "ஆத்மா சாந்தியடையட்டும்", மறுபடி கும்பிட்ட கை.

எனக்குத் திக்கென்றது. ஆனால் அரை மணிக்கு முந்தித்தான் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினது கேட்டதே. அது அவள் இருமல்தான், எனக்குத் தெரியாதா. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அந்த நேரத்தில் அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? கைகளை எண்ணினேன். முப்பத்தெட்டு. எண்ணி முடிக்கிறதுக்குள் நாற்பத்தொன்று. நான் செத்தால் எத்தனை வரும் என்று நினைத்தேன். செத்துப்போனாலும் இவளுக்குத்தான் கூட்டம் என்று நினைத்தேன்.

பிறகுதான் எழுத்தைக் கூட்டி வாசித்தேன். அவளே எழுதினது. குரலில் பேசுகிறவள் அன்றைக்கு எழுதியிருந்தாள்.

"என் சத்தம் எல்லாருக்கும் தொந்தரவா இருந்திருக்கு. மன்னிச்சிக்குங்க. இனிமே இருக்காது. எல்லாரும் நல்லா இருங்க. என் கோழிகள மட்டும் யாராவது பாத்துக்குங்க."

வாசிக்காத சனம் போட்டோவைப் பார்த்தது, கீழே நாலு வரியைப் பார்த்தது, வழக்கம்போலக் கையை அமுக்கிவிட்டது. ஒருத்தர் அமுக்கினதைப் பார்த்து அடுத்தவர். வாசிக்கத் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? "இதெல்லாம் நாடகம், லைக் வாங்குற வேலை" என்று அன்றைக்கு ரேடியோ என்று கிண்டல் பண்ணினவன் போட்டான். "சாகப்போறவ சொல்லிட்டா போவா?" என்று இன்னொருத்தன். ஒருத்தி அழுகிற முகத்தோடு அதை அப்படியே வேறு நாலு குரூப்புக்குத் தள்ளிவிட்டாள். அனுதாபத்தில்தான் தள்ளினாள், பாவம். என்னிடம் கேட்டால் நானும் நாடகம் என்றுதான் சொல்லியிருப்பேன். போனை மடியில் வைத்துவிட்டு மிச்ச அரிசியைப் பொறுக்கினேன். ஒரு சுண்டு அரிசி பொறுக்கி முடிக்கிற நேரம் நான் எழும்பவில்லை. இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என்னை எழுப்பினது அவள் கோழிகள்தான். கூட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தன. விடிந்ததும் கோழியைத் திறந்துவிடுகிறவள், பத்து மணி தாண்டியும் திறக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தேன். எழும்பி நிற்கும்போதே போன் அடித்தது. டீச்சர்.

"பெரியம்மா, நீங்க பக்கத்துக் காம்பராதான? அவங்க உசுரோட இருக்காங்களா?"

"இருக்கா. இருமினா."

"அப்ப ஒடனே போங்க. திட்டாதீங்க, புத்தி சொல்லாதீங்க. கிட்ட உக்காந்து நேராவே கேளுங்க, சாகணும்னு நெனப்பிருக்கான்னு."

"அதெப்புடிம்மா வாய் விட்டுக் கேக்குறது? கேட்டா இல்லாத நெனப்பு வந்துறாதா?"

"வராது பெரியம்மா. கேக்காம விட்டாத்தான் அவங்க தனியா நிப்பாங்க. நான் நம்ம தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸக் கூட்டிக்கிட்டு வாரேன். அதுவரைக்கும் ஒரு நிமிசங்கூட விட்டுட்டு வராதீங்க."

நான் யார் வீட்டுக்கும் அழைக்காமல் போகிறவள் இல்லை. அவள் காம்பராவுக்குள் நான் கால் வைத்து மூன்று வருசம் இருக்கும். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"என்ன மதினி, பூ வைக்க வந்தீங்களா? போன்ல எல்லாரும் வச்சிட்டாங்களே."

"கதவத் தெறடி."

திறந்தாள். போட்டோவில் இருந்த அதே நீலச் சேலை. பானை சட்டி எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பாய் சுருட்டியிருந்தது. அடுப்பு சாணி போட்டு மெழுகியிருந்தது. போன் கையில், டிங் டிங் என்று அடித்துக்கொண்டே.

"பாருங்க, எங்கயோ கெடக்குற டயகமயிலருந்துகூட கும்பிடு வந்திருக்கு. நான் இன்னும் சாகவே இல்ல, அதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாங்க."

டீச்சர் சொன்னது எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. வாயில் வந்தது இதுதான். "நான் செத்தா பத்துகூட வராதுடி. அதுலயும் ரெண்டு என் மகளோடதா இருக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். என்ன நினைத்தாளோ, சிரித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே அழுகையாகப் போய்விட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். டீச்சர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்டுவிட்டேன்.

"சாகணும்னு நெனச்சிருக்கியா?"

"ஆமா மதினி."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

நான் எதிர்பார்த்தது மழுப்பல். அவள் சுமையை இறக்கி வைக்கிற மாதிரிச் சொன்னாள். சொல்லும்போது அவள் பார்வை ஒரு மூலைக்குப் போனது. நானும் பார்த்தேன். அங்கே என்ன இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. டீச்சர் எழுத வேண்டாம் என்றாள், எனக்கும் மனசில்லை. டீச்சரும் மிட்வைஃப்பும் வந்ததும் முதலில் அதைத்தான் காட்டினேன், எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவரைக்கும் அதற்கும் அவளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் பேசினாள். நான் கேட்டேன். பேசத் தெரியாதவளுக்கு அது ஒன்றுதானே வரும். புருசன் போய் இரண்டு வருசம். தூக்கம் இல்லை. வலது கண் மங்கிக்கொண்டு வருகிறது. மகளுக்குக் கொழும்பில் நாள் முழுக்க வேலை, நினைத்த நேரம் எடுத்துப் பேச முடியாது. கொழுந்து எடுத்த காலத்தில் ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது, இப்போது யாருக்கும் தேவையில்லை. காலையில் போனில் பேசுகிற அந்த ஒரு நிமிசம்தான் அன்றைக்கு நான் இருக்கிறேன் என்று தோன்றும் என்றாள்.

எனக்கு எங்கேயாவது ஓடிப்போகலாம் போல இருந்தது.

"அந்தக் கட்டை வெரலு. நீங்களும் போட்டீங்கள்ல?"

"போட்டேன்."

"ஏன் மதினி?"

"பொறாமை."

வாழ்க்கையில் முதல் தடவை அந்தச் சொல்லை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அதனால மட்டும் இல்ல. அதுவும் ஒண்ணு" என்றாள். அது மன்னிப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"குரூப்புல சொல்ல மாட்டேன். ஆனா டீச்சருக்குத் தெரியும். மிட்வைஃப் வர்றாங்க."

"இதுக்குத்தான் வந்தீங்களா? காட்டிக் குடுக்க?" கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கோழிகள் கத்தின. "அதத் தெறந்தாவது விடுங்களேன்" என்றாள். "நீயும் வா, ரெண்டு பேரும் தெறப்போம்" என்றேன். தனியாக விடக்கூடாதே. இரண்டு பேரும் தூறலில் நின்று கோழியைத் திறந்துவிட்டோம்.

அந்த நேரத்தில் குரூப்பில் டீச்சர் என்ன செய்தாள் என்பதைப் பிறகுதான் பார்த்தேன். போட்டோவையும் எழுத்தையும் வைத்தியரிடம் காட்டுவதற்காக எடுத்து வைத்துக்கொண்டு, குரூப்பிலிருந்து நீக்கிவிட்டாள். வேறு யாரும் எழுத முடியாதபடி குரூப்பைப் பூட்டினாள். "அத்தை நல்லா இருக்காங்க, பக்கத்துல ஆள் இருக்கு. இதைத் தள்ளி விட்டவங்க தயவுசெஞ்சு அழிச்சிருங்க. என்ன ஏதுன்னு யாரும் கேக்க வேண்டாம்" என்று அவ்வளவுதான் எழுதியிருந்தாள். திட்டவில்லை. நாடகம் என்று போட்டவனுக்குத் தனியாகப் போன் எடுத்துப் பேசினாளாம். என்ன பேசினாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவன் அடுத்த வாரம் கோழித் தீனி ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனான்.

ஆனால் தள்ளி விட்டது தள்ளி விட்டதுதான். அது எங்கெங்கேயோ போய்விட்டது. கொழும்பில் இருந்த மகளுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் அனுதாபம் சொல்லித்தான் விசயம் எட்டியது. அந்தப் பிள்ளை அம்மா செத்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டு கோட்டை ஸ்டேசனில் ரயில் ஏறியிருக்கிறது. டீச்சர் எடுத்த போனை அது அழுகையில் தூக்கவில்லை. ரயில் பாதி தூரம் வந்த பிறகுதான் தூக்கியது. நானுஓயாவில் இருக்கிற சம்பந்தி வீட்டார் மாலை வாங்கிக்கொண்டு வேன் பிடித்து வந்துவிட்டார்கள். லயத்து முன்னால் மாலையோடு இறங்கி நின்றவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மாலையைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு கிழவர் சொன்னார். கொடுத்தார்கள்.

மத்தியானத்துக்கு முன்னே ஓட்டோவில் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு பக்கம் மிட்வைஃப், ஒரு பக்கம் நான். டொக்டர் சிங்களப் பெண், சின்ன வயது. தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசினாள். அவளிடம் எல்லாம் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க கேட்டது நல்ல வேலை அம்மா. பயம் இல்ல?" என்றாள். பயம்தான் என்றேன். "எனக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வார்டில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். அவள் மகள் கூடவே இருந்தாள். பிறகு மாத்திரையும், மாதம் ஒரு தடவை கிளினிக்கும். கண்ணுக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்த அன்று லயமே அவள் வாசலில் நின்றது. பிஸ்கட், பால்மா, ஆப்பிள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வரிசையில் போன் எடுத்தார்கள். குரூப்பில் அந்தப் பேச்சே வரவில்லை. டீச்சர் சொன்னபடி ஒவ்வொருத்தரும் அவளிடம் தனித்தனியாகத்தான் பேசினார்கள். நான் என் காம்பராவில் உட்கார்ந்து சுவருக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்தேன். "அத்தை", "சித்தி", "பெரியம்மா". என் வாசலில் ஒரு ஆள் இல்லை. யார் போய்க் கதவைத் தட்டினது என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. சொன்னால் அவள் என்ன நிலையில் இருந்தாள் என்றும் சொல்ல வேண்டிவரும்.

அன்று பின்னேரம், குரூப்பில் என்னமோ பஸ் நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனில் அந்தக் குரல் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. பேசினேன். "நான்தான் போனேன். நான்தான் கதவத் தட்டினேன். நான் போகாட்டி என்னா ஆயிருக்கும்." என் குரல் நன்றாகத்தான் இருந்தது. விரலை எடுத்தால் போய்விடும். எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் யாரிடமோ மெதுவாக, "ஆமாப்பா, இப்ப தேவல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விரலை அப்படியே ஓரத்துக்கு இழுத்தேன். அப்படி இழுத்தால் அழிந்துவிடும் என்று என் மகள் காட்டித் தந்திருந்தாள். அழிந்துவிட்டது. எனக்குச் சொல்ல ஒரு விசயம் இருந்தது அந்த ஒரு நாள்தான், அதையும் சொல்ல முடியவில்லை.

அவள் மகள் கொழும்புக்குத் திரும்பின பிறகு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் எழும்பினதும் அவள் நடுச்சுவரில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். நான் மூன்று தட்டுத் தட்டுவேன். தட்டு வராவிட்டால் நான் கேட்காமல் கதவைத் திறந்து உள்ளே போவேன். திறக்கிற சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் ஒரு தட்டுத்தான் தட்டுவாள். அன்றைக்கு நான் பிளேன்டீயோடு போய் உட்காருவேன். அப்படியும் சில நாள் வருகிறது. டீச்சரிடமும் சொல்வேன், கிளினிக்குக்கும் போவோம்.

அந்த மூன்று தட்டு எனக்கு மட்டும்தான். இருதயம் இல்லை, கும்பிட்ட கை இல்லை. வேறு எவருக்கும் கேட்காது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

போன மாதம் ஒரு நாள் காலையில் தட்டு வரவில்லை. நான் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் சுவருக்கு மேலால் கேட்கிறது. "நம்ம தோட்டத்துச் சொந்தங்க எல்லாருக்கும் காலை வணக்கமுங்க." எத்தனை மாதத்துக்குப் பிறகு. போனிலும் டிங் என்று வந்து, அதே வணக்கம் இரண்டாம் தடவை. கீழே இருதயங்கள். அதற்கும் பிறகுதான் சுவரில் தட்டு.

நான் திரும்பத் தட்டவில்லை. நேராகப் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஏன்டி, மொதல்ல செவுரா, குரூப்பா?"

"ஐயோ மதினி, ஒரு நிமிசந்தான முந்திருச்சி."

"ஒரு நிமிசத்துல என் உசுரு போயிருச்சி. மொதல்ல செவுரு. அப்புறந்தான் ஊரு ஒலகம்."

"சரி சரி. பொறாமை புடிச்ச மனுசி" என்றாள். பிறகு என் இஸ்தோப்புப் பக்கம் எட்டிப் பார்த்து, "அந்தக் கெழங்குல பாதியத் தாங்க. பூக்கட்டும்" என்றாள்.

கொடுத்தேன். பாதி என்றால் சரி பாதி இல்லை, சின்னப் பாதி. பெரியதை நான் வைத்துக்கொண்டேன். இந்த வருசம் இரண்டு வாசலிலும் பூத்திருக்கிறது. சின்னக் கிழங்கு வைத்த அவளுக்குத்தான் இப்போதும் தாம்பாளம் மாதிரி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது வயிறு எரிகிறது. எரியட்டும். அவள் அங்கே நின்று தண்ணி ஊற்றுகிறாளே.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். கிழங்கு தந்தது நாலாம் நாளா ஐந்தாம் நாளா, வார்டில் இருந்தது எத்தனை நாள், டொக்டர் சொன்ன சொல் இதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கும்பிட்ட கை எத்தனை என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. பக்கத்துக் காம்பராக்காரியிடம்தான் கேட்க வேண்டும், அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. குரூப்பில் போட்டுக் கேட்காதீர்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நேரில் வந்து, அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்கு அவளுக்குப் பேச விருப்பமில்லை என்றால் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, பூவைப் பார்த்துவிட்டுப் போய், இன்னொரு நாள் வாருங்கள்.